வில்ஹெல்ம் றொண்ட்ஜனும் தாடையென்பின் நிழலும்

உங்கள் வீட்டில் கட்டுப்பல் அணியும் பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். பல் கட்டிய புதிதில் இறுக்கமாகப் பொருந்தியிருந்த தட்டு, சில வருடங்கள் சென்றதும் தளர்ந்து ஆடத் தொடங்கும். சாப்பிடும்போது கழன்றும் விழும். தட்டுத் தேய்ந்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் தேய்ந்தது தட்டு அன்று. முரசுக்கு உள்ளே இருக்கும் தாடையென்புதான்.

பல்லின் வேரைத் தாங்கும் என்பு, பல் இருக்கும் வரையே தன் உயரத்தையும் அகலத்தையும் காத்துக்கொள்ளும். பல்லைப் பிடுங்கிவிட்டால் அந்த என்புக்கு வேலை இல்லாமற் போகிறது. உடல் அதனைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டு ஒரு வருடத்துக்குள் அவ்விடத்து என்பின் அகலத்தில் ஏறத்தாழ அரைவாசி குறைந்துவிடலாம். அந்தக் குறைவின் பெரும் பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் இது சரியாகத் தெரியாது. இளஞ்சிவப்பு முரசு எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கும்.

முரசை வெட்டாமல், வலி ஏற்படுத்தாமல், உள்ளே எவ்வளவு என்பு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வழி திறந்தவர் ஒரு பல் வைத்தியர் அல்லர். எந்த வகை வைத்தியரும் அல்லர். அவர் ஒரு பௌதிகவியல் பேராசிரியர். அதிகம் பேசாதவர். அதைவிட உங்களுக்கு வியப்பாக இருக்கக்கூடிய விடயம், அவர் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மாணவர். அவரே வில்ஹெல்ம் கொன்ராட் றொண்ட்ஜன்.

சான்றிதழ் இல்லாத மாணவன்

றொண்ட்ஜன் 1845 மார்ச் 27 ஆந் திகதி ஜேர்மனியின் லென்னெப் என்ற சிறு நகரில் பிறந்தார். தந்தையார் துணி உற்பத்தியும் வணிகமும் செய்தவர். தாயார் நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரத்தைச் சேர்ந்தவர். பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. இவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் நெதர்லாந்தின் அப்பல்டோர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதில் படிப்பில் தனித்து விளங்கினார் என்று சொல்ல முடியாது. காடு மேடு சுற்றுவதிலும், கையாற் பொறிகள் செய்வதிலுமே அவருக்கு நாட்டம் இருந்தது.

1862 இல் உற்றெக்ற் நகரிலுள்ள தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் ஒருவரைக் கேலிச் சித்திரமாக வரைந்துவிட்டான். வரைந்தது றொண்ட்ஜன் அல்லர். ஆனால் யார் வரைந்தது என்று கேட்கப்பட்டபோது அவர் நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். பழி அவர்மேல் விழுந்தது. பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத்துக்குச் செல்லத் தேவையான சான்றிதழ் அத்துடன் கைநழுவியது.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதன் கனம் விளங்கும். அவர் செய்யாத குற்றத்துக்காக, எழுதவே முடியாத ஒரு பரீட்சை. உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் முறையான மாணவராக அன்றி, விரிவுரைகளைக் கேட்க அனுமதிக்கப்பட்டவராகச் சில காலம் இருந்தார். பின்னர் சுவிற்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பாடசாலைச் சான்றிதழ் இல்லாமலும் சேர முடியும் என்று அறிந்தார். 1865 இல் அங்கே பொறிமுறைப் பொறியியல் மாணவரானார். 1868 இல் டிப்ளோமாவும், 1869 இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அங்கே ஓகஸ்ற் குண்ட் என்ற பௌதிகவியலாளர் இவரது திறமையைக் கண்டுகொண்டு தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பொறியியலாளராக வரவிருந்தவர் பௌதிகவியல் பக்கம் திரும்பியது இவரால்தான்.

கதை அத்துடன் முடியவில்லை. 1870 இல் குண்ட் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது றொண்ட்ஜனும் உடன் சென்றார். அங்கே விரிவுரையாளர் தகுதி கேட்டபோது, பாடசாலை இறுதிச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் மறுத்துவிட்டார்கள். கலாநிதிப் பட்டம் கையில் இருந்தும் பழைய சான்றிதழ் இல்லாதது குறுக்கே நின்றது. 1874 இல் ஸ்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்திலேயே அவருக்கு அந்தத் தகுதி கிடைத்தது. ஆக, ஒரு கேலிச் சித்திரம் பத்து வருடங்களுக்கு மேலாக அவரைத் துரத்தியது. சான்றிதழ் தேவையில்லை என்பதற்கு றொண்ட்ஜனை உதாரணம் காட்டும் மாணவர்கள் இந்தப் பத்து வருடங்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1872 இல் அன்னா பேர்த்தா லூட்விக் என்பவரை மணந்தார். சூரிச்சில் மாணவர்கள் கூடும் ஒரு தேநீர்ச்சாலையை நடத்தியவரின் மகள் அவர். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேர்த்தாவின் சகோதரரின் மகளை ஆறு வயதில் எடுத்து வளர்த்தார்கள். ஹோஹன்ஹைம், மீண்டும் ஸ்ராஸ்பூர்க், கீசன் என்று பல இடங்களிற் பணியாற்றிய பின்னர் 1888 இல் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகவியல் பேராசிரியராக அழைத்தது. முன்னர் கதவை மூடிய அதே இடம்! 1894 இல் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் அவரைத் தெரிவு செய்தார்கள்.

1895 நவம்பர் 8

இத்திகதியை மனனம் செய்துகொள்ளுங்கள். அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் றொண்ட்ஜன் தம் ஆய்வுகூடத்தில் தனியே இருந்தார். பெருமளவு காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றினூடாக உயர் அழுத்த மின்னைச் செலுத்தும்போது தோன்றும் கதோட்டுக் கதிர்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கதோட்டுக் கதிர் என்பது இலத்திரன்களின் பாய்ச்சல் என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்று அது எவருக்கும் தெரியாது; தொம்சன் அதனை வெளிப்படுத்தியது 1897 இல்.

குழாயைக் கறுப்பு மட்டையால் ஒளி கசியாதவாறு மூடினார். அறையையும் இருளாக்கினார். குழாயில் மின்னைச் செலுத்தியபோது, சற்றுத் தள்ளி வைக்கப்பட்டிருந்த ஒரு திரை மினுங்கியது. பேரியம் பிளற்றினோசயனைட்டு என்ற சேர்வை பூசப்பட்ட கடதாசித் திரை அது. மின்னை நிறுத்தினால் மினுக்கமும் நின்றது. திரையை 2 மீற்றர் தூரத்துக்குக் கொண்டு சென்றபோதும் அது ஒளிர்ந்தது. கதோட்டுக் கதிர்கள் வளியில் சில சென்ரிமீற்றருக்கு மேற் செல்லமாட்டா. அப்படியானால் கறுப்பு மட்டையையும் ஊடுருவி வருவது வேறு ஏதோ ஒன்று.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தக் கதிர்களை உண்டாக்கிய முதல் மனிதர் றொண்ட்ஜன் அல்லர். அப்படிப்பட்ட குழாய்களை வைத்திருந்த பலரின் ஆய்வுகூடங்களில் அவை வருடக்கணக்காகத் தோன்றிக்கொண்டுதான் இருந்தன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1890 இல் ஓர் ஒளிப்படத் தட்டில் நாணயங்களின் நிழல் விழுந்தது. அதன் பொருள் விளங்காமல் அதனை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். றொண்ட்ஜன் ஒதுக்கவில்லை. அதுவே வேறுபாடு.

அதன் பின்னர் ஏழு வாரங்கள் அவர் ஏறத்தாழ ஆய்வுகூடத்திலேயே வாழ்ந்தார். உணவும் உறக்கமும் அங்கேயே. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஆயிரம் பக்கமுள்ள ஒரு புத்தகத்தைக் குறுக்கே வைத்தார்; கதிர் ஊடுருவியது. மரப்பலகையை வைத்தார், ஊடுருவியது. 15 மில்லிமீற்றர் தடித்த அலுமினியம் கதிரைப் பலவீனப்படுத்தியதே தவிர முற்றாக நிறுத்தவில்லை. ஆனால் 1.5 மில்லிமீற்றர் ஈயம் அதனை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிட்டது. கையைக் குறுக்கே வைத்தபோது, மங்கலான சதையின் நிழலுக்குள் கருமையான என்புகளின் நிழலைத் திரையிற் கண்டார். எத்தன்மையது என்று தெரியாததால், அட்சரகணிதத்தில் தெரியாக் கணியத்துக்கு இடும் எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார்: எக்ஸ் கதிர்.

டிசெம்பர் 22 ஆந் திகதி மனைவியை ஆய்வுகூடத்துக்கு அழைத்து அவரது கையை ஒளிப்படத் தட்டின்மேல் வைக்கச் செய்தார். கால் மணி நேரம் கை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. விரலென்புகளும் மோதிரமும் அதிற் பதிந்தன. தம் கையின் என்புகளைக் கண்ட பேர்த்தா, மரணத்தையே முன்கூட்டிக் கண்டுவிட்டதுபோல நடுங்கினார் என்று சொல்வர். டிசெம்பர் 28 ஆந் திகதி றொண்ட்ஜன் தம் முதற் கட்டுரையை வூர்ஸ்பேர்க் பௌதிக மருத்துவச் சங்கத்திடம் கையளித்தார். 1896 ஜனவரி முதலாந் திகதி அச்சுப் பிரதிகளையும் படங்களையும் அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஐந்தாந் திகதி வியன்னாப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்துவிட்டது. ஜனவரி 13 இல் பேர்லினில் ஜேர்மன் பேரரசர் முன்னிலையில் செய்து காட்டினார். ஜனவரி 23 இல் வூர்ஸ்பேர்க்கில் விரிவுரை நிகழ்த்தியபோது முதிய உடலமைப்பியலாளரான கொலிக்கரின் கையைப் படமெடுத்துக் காட்டினார். இக்கதிர்களுக்கு றொண்ட்ஜன் கதிர்கள் என்று பெயரிட வேண்டும் என அப்போது கொலிக்கர் முன்மொழிந்தார். ஜேர்மன் மொழியில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. கண்டவரோ கடைசி வரை எக்ஸ் கதிர் என்றே எழுதினார்.

வாய்க்குள் வந்த கதிர்

கட்டுரை வெளியாகி இரண்டு வாரங்கள்தான். பிரவுண்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ஒற்றோ வால்கொஃப் என்ற பல் வைத்தியர், சிறு கண்ணாடி ஒளிப்படத் தட்டு ஒன்றைக் கறுப்புக் கடதாசியிலும் இறப்பர்த் தாளிலும் சுற்றித் தம் வாய்க்குள் வைத்துக்கொண்டார். நிலத்திற் படுத்து அசையாமற் கிடந்தார். எவ்வளவு நேரம் தெரியுமா? 25 நிமிடங்கள்! அது அவருக்குச் சித்திரவதையாகவே இருந்தது. ஆனாலும் படத்தில் பற்களின் உருவம் தெரிந்தபோது அவர் பெருமகிழ்ச்சி அடைந்தார். இன்று அதே படத்துக்கு ஒரு செக்கன்கூடத் தேவையில்லை.

பற்களும் என்பும் ஏன் படத்திற் தெரிகின்றன? இது பரீட்சைக்கும் பயன்படும், நின்று வாசியுங்கள். எக்ஸ் கதிர்கள் ஒளியைப் போன்றே மின்காந்த அலைகள். வெற்றிடத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன. ஆனால் அலைநீளம் மிகக் குறைவு, மீடிறன் மிக அதிகம். எனவே சக்தியும் அதிகம். பல் வைத்தியசாலைப் பொறியில் இலத்திரன்கள் 60 அல்லது 70 ஆயிரம் வோற்று அளவான அழுத்தத்தால் ஆர்முடுக்கப்பட்டுத் தங்குதன் இலக்கில் மோதுகின்றன. அவற்றின் சக்தியில் ஏறத்தாழ 99 சதவீதம் வெப்பமாகிப்போக, 1 சதவீதமளவே எக்ஸ் கதிராகிறது. அணுவெண் கூடிய மூலகங்கள் இக்கதிரை அதிகம் உறிஞ்சும். சதையில் இருப்பவை பெரும்பாலும் ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன். இவற்றின் அணுவெண்கள் 1, 6, 7, 8. என்பிலும் பல்லிலும் பொசுபரசும் கல்சியமும் செறிந்திருக்கின்றன. அவற்றின் அணுவெண்கள் 15, 20. கதிர் தடுக்கப்பட்ட இடம் படத்தில் வெண்மையாகவும், தடையின்றிச் சென்ற இடம் கருமையாகவும் விழும். பல்லின் மிளிரி மிக வெண்மை. என்பு அதைவிடச் சற்று மங்கல். முரசும் கன்னமும் சாம்பல் நிறம். வளி கறுப்பு.

வளி என்றேன். முகத்துக்குள் வளி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மேற்றாடையின் கொடுப்புப் பற்களுக்கு நேர் மேலே, கன்னத்தினுள், இரு பக்கமும் வளி நிரம்பிய வெற்றறை உண்டு. மூக்குடன் சிறு துவாரத்தால் தொடர்புடையது. இதுவே மேற்றாடைக் குடா. வளர்ந்தவரில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மில்லிலீற்றர் கொள்ளளவுடையது. இதனை 1651 இல் தம் நூலில் விரிவாக விபரித்தவர் நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய வைத்தியர். அவர் எழுதிய ஒரு நோயாளியின் கதை சுவையானது. மேற்பல் ஒன்றைப் பிடுங்கிய பெண்மணிக்கு அந்தக் குழியிலிருந்து தொடர்ந்து நீர் கசிந்தது. பயந்த அவர் ஓர் இறகின் தண்டை உள்ளே விட்டுப் பார்த்தார். அது முழுவதுமே உள்ளே சென்றுவிட, மூளைக்குள் போய்விட்டது என்று கதிகலங்கிப் போனார். போனது குடாவுக்குள். குடாவுக்கும் பல் வேருக்கும் இடையிலுள்ள என்பு அவ்வளவு மெல்லியது.

றொண்ட்ஜனுக்கு முன்னர் பல் வைத்தியர் ஒருவர் இக்குடாவை அறிந்துகொண்டது பெரும்பாலும் தவறுதலாக அதனைத் திறந்துவிட்ட பின்னரே. படத்தில் அது மெல்லிய வெண் கோட்டால் சூழப்பட்ட கரிய பரப்பாகத் தெளிவாகத் தெரிகிறது. குடாவின் உட்சவ்வு அழற்சியால் தடித்திருந்தால் அடிப்பகுதி சாம்பலாகும். நீர் தேங்கியிருந்தால் பாத்திரத்து நீர் போல நேர்க்கோட்டு மட்டம் தோன்றும்.

மேற்றாடைக் கொடுப்புப் பற்கள் போனால் இரண்டு பக்கத்தால் நட்டம் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். கீழிருந்து என்பு உறிஞ்சப்பட்டு மேலேறுகிறது. மேலிருந்து குடா விரிந்து கீழிறங்குகிறது. நடுவில் எஞ்சும் என்பு சிலரில் 2 அல்லது 3 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். இப்போது பல் இல்லாத இடத்தில் தைற்றேனியம் உலோகத் திருகாணியைத் தாடையென்பிற் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தும் முறை உண்டு. அத்திருகாணி பொதுவாக 8 முதல் 12 மில்லிமீற்றர் வரை நீளமானது. 3 மில்லிமீற்றர் என்பில் அதனை எப்படி நிறுத்துவது? அறியாமற் பதித்தால் அது குடாவுக்குள் நழுவிப் போகும். முன்கூட்டி அறிந்தால், குடாவின் சவ்வை மெதுவாக உயர்த்தி அடியில் என்புத்தூள் இட்டு, என்பு வளரும் வரை மாதக்கணக்கிற் காத்திருந்து பின்னர் பதிக்கலாம். கீழ்த்தாடையில் வேறொரு ஆபத்து. அங்கே என்பினுள் ஒரு கால்வாயில் நரம்பு செல்கிறது. அது காயப்பட்டால் கீழுதடும் நாடியும் மரத்துப் போகும். ஆகவே நரம்புக்கும் திருகாணிக்கும் இடையே 2 மில்லிமீற்றராவது விட வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. இரண்டு மில்லிமீற்றர் என்பது உங்கள் அடிமட்டத்தில் இரண்டு சிறு பிரிவு. இதைக் கண்மதிப்பிற் செய்ய இயலாது.

வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படம் ஓரிரு பற்களையே காட்டும். பின்லாந்தின் பாற்றெரோ என்பவர் கதிர்க் குழாயும் படத்தாளும் தலையைச் சுற்றி வரும் முறையை 1950 களில் வளர்த்தெடுத்தார். இரு தாடைகளும் குடாக்களும் ஒரே நீண்ட படத்தில் விழும். வைத்தியர்கள் ஓ.பி.ஜீ. என்று எழுதித்தருவது இதைத்தான். ஆனால் இப்படம் உண்மை அளவைவிடப் பெரிதாக்கிக் காட்டும். அதனால் விட்டம் தெரிந்த உலோகக் குண்டு ஒன்றை வாயில் வைத்துப் படமெடுப்பர். ஒரு கணக்குப் பார்ப்போம். 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டு படத்தில் 6.25 மில்லிமீற்றராகத் தெரிகிறது. உருப்பெருக்கம் 6.25 ÷ 5 = 1.25. படத்தில் என்பின் உயரம் 10 மில்லிமீற்றர் என்றால் உண்மை உயரம் 10 ÷ 1.25 = 8 மில்லிமீற்றர். இந்த வகுத்தலை மறந்த வைத்தியர் இல்லாத 2 மில்லிமீற்றர் என்பை நம்பித் துளையிடுவார். நரம்புக்கு விட வேண்டிய இடைவெளியும் அதே 2 மில்லிமீற்றர்தான்.

இன்னொரு குறையும் உண்டு. மதில் ஒன்றை முன்னால் நின்று பார்த்தால் அதன் உயரமும் நீளமும் தெரியும், தடிப்புத் தெரியாது. தட்டையான படமும் அப்படியே. என்பு உயரமாக இருந்தும் கத்தி முனைபோல ஒடுங்கியிருக்கலாம். 1971 இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் சீ.ரீ. ஸ்கான் பொறி முதல் நோயாளியைப் படமெடுத்தது. பல திசைகளிலிருந்து எடுத்த அளவுகளைக் கணினி ஒன்று சேர்த்து உள்வெட்டு முகத்தைக் காட்டியது. 1990 களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் யப்பானிலும் தாடைக்கென்றே சிறிய பொறிகள் உருவாயின. கூம்பு வடிவக் கதிர்க்கற்றை தலையை ஒருமுறை சுற்றிவர, என்பின் உயரம், அகலம், குடாவின் தளம், நரம்புக் கால்வாய் யாவும் முப்பரிமாணத்திற் கிடைக்கின்றன. எல்லோருக்கும் இது தேவையில்லை. சாதாரண படத்தில் விடை கிடைத்தால் அத்துடன் நிறுத்துவதே முறை. ஏன் என்பது அடுத்து வருகிறது.

கதிர் கேட்ட விலை

ஆரம்ப நாட்களில் எக்ஸ் கதிர் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. கண்ணுக்குத் தெரியாதது, உடலில் படும்போது எதுவும் உணரப்படாதது. அது உடலுக்குத் தீங்கு செய்யும் என்று யார் நினைப்பார்? அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரப் பல் வைத்தியர் எட்மண்ட் கெல்ஸ் 1896 இலேயே பற்களைப் படமெடுக்கத் தொடங்கியவர். பல் வேரினுள் ஈயக் கம்பியை விட்டுப் படமெடுத்து வேரின் நீளத்தை அளந்தவரும் அவரே. கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் தம் கையையே குழாயின் முன் பிடித்துப் பார்ப்பார். வருடங்கள் சென்று அந்தக் கையிற் புற்றுநோய் தோன்றியது. விரல்களை வெட்டினார்கள், பின்னர் கையை, பின்னர் புயத்தை. பெரும் வேதனையோடு 1928 இல் காலமானார். அதே காலத்தில் பொஸ்ரன் நகரப் பல் வைத்தியர் வில்லியம் றொலின்ஸ், கதிர்க் குழாயை ஈயத்தால் மூட வேண்டும், நோயாளியின் மற்றைய உறுப்புகளை மறைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அன்று கேட்டவர் சிலரே.

றொண்ட்ஜன் தப்பியது எப்படி? தம் ஒளிப்படத் தட்டுகளில் வேண்டாத கதிர் படக்கூடாது என்பதற்காக, ஆள் நிற்கக்கூடிய நாகத் தகட்டு அறையொன்றைச் செய்து குழாயை அதற்கு வெளியே வைத்திருந்தார். தட்டுகளைக் காக்கச் செய்தது அவரையும் காத்தது.

உயர் சக்தியுள்ள கதிர்கள் அணுக்களிலிருந்து இலத்திரன்களை அகற்றி அயனாக்குகின்றன. கலத்தின் டீ.என்.ஏ. இதனாற் சிதைவடையலாம். ஆனால் வீணாகப் பயப்படவும் வேண்டாம். வாய்க்குள் எடுக்கும் ஒரு படத்தால் கிடைக்கும் கதிர்ப்பு ஏறத்தாழ 5 மைக்கிரோசீவேட்டு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் உலக மக்கள் சராசரியாக வருடத்துக்குப் பெறுவது ஏறத்தாழ 2400 மைக்கிரோசீவேட்டு. கணக்கிட்டுப் பாருங்கள், ஒரு நாளைய இயற்கைக் கதிர்ப்பைவிட அது குறைவு. முப்பரிமாணப் படத்துக்கு இதைவிடப் பல மடங்கு செல்லும். தேவையின்றி அதனை எடுக்கக் கூடாது என்று சொல்வது இதனாலேயே.

பரிசும் பிற்காலமும்

பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு 1901 இல் றொண்ட்ஜனுக்கு வழங்கப்பட்டது. ஸ்ரொக்ஹோம் சென்று பரிசைப் பெற்றார்; ஆனால் வழக்கமான நோபல் விரிவுரையை நிகழ்த்தவில்லை. மேடை என்றாலே அவருக்குக் கூச்சம். பரிசுப் பணத்தை வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். பிரபுப் பட்டம் கிடைக்கவிருந்தது, மறுத்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ் செல்வந்தர் ஆகியிருப்பார். அதையும் செய்யவில்லை. கதிரைப் பயன்படுத்த எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாததால்தான் வால்கொஃப் இரண்டே வாரத்திலும் கெல்ஸ் சில மாதங்களிலும் வேலையைத் தொடங்க முடிந்தது.

எல்லோரும் அவரைப் போற்றினார்கள் என்றில்லை. கதோட்டுக் கதிர் ஆய்வில் முன்னோடியான பிலிப் லெனாட், கண்டுபிடிப்பின் பெருமையில் தமக்குரிய பங்கு தரப்படவில்லை என்று வாழ்நாள் முழுவதும் மனக்கசப்புடன் இருந்தார். அவர் செய்த பணி பெரிது என்பது உண்மை. ஆனால் கதிரின் குணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் றொண்ட்ஜனே. அது பற்றி அவர் எழுதியவை மூன்று கட்டுரைகள் மாத்திரம். 1912 இல் லாவே என்பவரின் ஆலோசனைப்படி பளிங்குகளினூடாக இக்கதிரைச் செலுத்தியபோது அது மின்காந்த அலை என்பது உறுதியாயிற்று.

1900 இல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற றொண்ட்ஜன் 1920 வரை அங்கே பணியாற்றினார். முதலாம் உலகப் போர் முடிந்தபின் ஜேர்மனியின் நாணயம் மதிப்பிழந்தது. காப்புரிமையை வேண்டாம் என்று விட்டவரின் சேமிப்பும் அத்துடன் கரைந்தது. நீண்ட காலம் நோயுற்றிருந்த பேர்த்தா 1919 இற் காலமானார். 1923 பெப்ரவரி 10 ஆந் திகதி, 77 ஆவது வயதில், குடற் புற்றுநோயால் றொண்ட்ஜன் மியூனிக்கில் இறந்தார். கீசன் நகர மயானத்தில் பெற்றோரும் மனைவியும் இருக்கும் இடத்திலேயே அவருக்கும் இடமளிக்கப்பட்டது. அணுவெண் 111 உடைய மூலகத்துக்கு 2004 இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. ஆவர்த்தன அட்டவணையில் தேடிப் பாருங்கள், பொன்னுக்கு நேர் கீழே ஒரு படி இறங்கினால் அதே கூட்டத்தில் அது வருகிறது.

அவரது விருப்பத்தின்படி, ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் இறந்தபின் எரிக்கப்பட்டன. நவம்பர் 8 ஆந் திகதி மாலையைப் பற்றி அவர் கைப்பட எழுதிய குறிப்பு எதுவும் எஞ்சவில்லை. பேர்த்தாவின் கை பதிந்த படம் மாத்திரம், மோதிரத்தோடு, இன்றும் இருக்கிறது.